அப்பா தேர்ந்தெடுத்த டிரான்ஸ்ஃபார்மர்

போன மாதம் என் மகனுக்குப் பொம்மை ரயில் வாங்கப் போனேன். ரயிலைத் தேர்ந்தெடுக்க இரண்டு நிமிடம் ஆனது. அதற்குக் கரண்ட் கொடுக்கும் அடாப்டரைத் தேர்ந்தெடுக்க முக்கால் மணி நேரம் ஆனது.

"எத எடுத்தாலும் ஓடும் மேடம்" என்றார் கடைக்காரர். "உள்ள நூறு வோல்ட்லேர்ந்து எரநூத்தி நாப்பது வரைக்கும் எவ்ளோ வேணா வரட்டும். வெளிய கரெக்டா பன்னண்டுதான் போகும்."

"நூறு வந்தாலுமா?"

"நூறு வந்தாலும்."

"எரநூத்தி நாப்பது வந்தாலும் அதே பன்னண்டா?"

அவர் என்னை விட்டுவிட்டு என் மகனைப் பார்த்தார், கூட வேறு யாராவது பெரியவர்கள் வந்திருக்கிறார்களா என்பது போல.

உள்ளங்கையில் அடங்கும் கறுப்பு டப்பா. எந்த வீட்டுச் சுவரில் செருகினாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் டப்பா. இருபத்தைந்து வருஷம் முன்னால் இப்படி ஒன்று கிடைத்திருந்தால் எங்கள் வீட்டில் சில விஷயங்கள் வேறு மாதிரி ஆகியிருக்கலாம். அல்லது நான் வேறு எதையாவது உடைத்திருப்பேன்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. வாய் மட்டும் எட்டாம் வகுப்பு. எங்கள் வீடு கம்மாபுரம் பக்கம். கொல்லையில் நின்றால் சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேடு தெரியும். மேட்டுக்கு அந்தப் பக்கம் கரி எடுத்து, கரண்ட் எடுத்து, பெரிய பெரிய கம்பிகளில் எங்கள் தலைக்கு மேலேயே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். பதினோரு வருஷமாகக் கான்ட்ராக்ட்.

சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பத்துக்கு வேலை என்று ஊரில் ஒரு பேச்சு எப்போதும் உண்டு. எங்களிடம் கொடுக்க நிலம் இல்லை. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள் நாங்கள். நிலம் போனபோது எங்களுக்குப் போனது நடவும் களையெடுப்பும் அறுப்பும்தான். அதற்கெல்லாம் யாரும் பட்டா எழுதி வைத்திருக்கவில்லை.

அந்த வருஷம் கான்ட்ராக்டில் இருப்பவர்களில் சிலரைப் பெர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அந்தந்த செக்ஷன் அதிகாரி பெயர் எழுதி அனுப்ப வேண்டுமாம். அப்பாவின் அதிகாரி தெற்கத்திக்காரர், நல்ல மனிதர் என்று பெயர். டவுன்ஷிப்பில் மரம் சூழ்ந்த பெரிய குவார்ட்டர்ஸ். அவர் கை எழுதினால் எழுதினதுதான். அம்மா அவரைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் சாமி கும்பிடும்போது அவர் குடும்பத்தையும் நன்றாக வைக்கச் சொல்லி வேண்டிக்கொள்வாள்.

அந்த அதிகாரியின் தம்பி அமெரிக்காவிலிருந்து ஒரு ரயில் செட் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதிகாரி அதைப் பெரிய பலகையில் பதித்து, ஸ்டேஷன் வைத்து, மரத்தூளால் மலை கட்டி, தண்டவாளம் நெடுக அரிசி அளவு பல்புகளாக விளக்குக்கம்பமும் நட்டிருந்தார். எல்லாம் முடிந்து, ரயிலோடு வந்த பவர் பெட்டியை அப்படியே சுவரில் செருகியிருக்கிறார். அமெரிக்காவில் கரண்ட் நம்மூரில் பாதிதான். பெட்டி புகைந்து போனது. மறுநாள் அதிகாரியே அதை எல்லோரிடமும் சிரித்துச் சிரித்துச் சொன்னாராம்: "நம்ம ஊரு கரண்ட்ட அமெரிக்காக்காரன் தாங்கலப்பா!" எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அப்பாவும் வீட்டுக்கு வந்து எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

"ஞாயித்துக்கெழம பையனுக்குப் பொறந்தநாள். அதுக்குள்ள நீயே வேற பவர் சப்ளை ஒண்ணு பாத்து வச்சுக் குடுத்துடேன்" என்று அப்பாவிடம் சொல்லி, சோதித்துப் பார்க்க ஓர் இன்ஜினும் கொஞ்சம் தண்டவாளமும் கொடுத்து அனுப்பியிருந்தார். வேறு யாரையும் கேட்காமல் அப்பாவைக் கேட்டிருந்தார். அன்று அம்மா பாயசம் வைத்தாள்.

அந்த வாரம் முழுக்க அப்பா பவர் சப்ளை தேர்ந்தெடுத்தார். ரேடியோவுக்குப் பேட்டரிக்குப் பதிலாகப் போடும் எலிமினேட்டரை முதலில் பார்த்தார். அதில் இன்ஜின் நாலடி போய்ப் பெருமூச்சு விட்டு நின்றது. மோட்டார் சைக்கிள் பேட்டரி பிரமாதமாக இழுத்தது. ஆனால் "அந்த வூட்டு மொசைக் தரையில ஆசிட்டு சொட்டுச்சுனா சாரு வூட்டம்மா என்னா சொல்லும்?" என்று அதையும் தள்ளினார். கடைசியில் விருத்தாசலம் போய்க் கனமான டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைக் கொண்டுவந்தார். படிப்படியாகக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு வைத்து, தகரப் பெட்டிக்குள் அடைத்து, நீலப் பெயின்ட் அடித்தார். "பொண்ணுக்கு மாப்ள பாக்கறாப்புல பாக்கறீங்களே" என்றாள் அம்மா. "மாப்ள சரியில்லனா திருப்பி இட்டுகினு வந்துடலாம். இது அப்பிடியா?" என்றார் அப்பா.

அதிகாரி வீட்டிலேயே வைத்து அளந்து சரி செய்வதாகத்தான் அப்பாவின் திட்டம். அதைக் கெடுத்தவள் நான். அமெரிக்க ரயில் எங்கள் வீட்டில் ஓடப்போகிறது என்று தெரு முழுக்க அறிவித்திருந்தேன். இரண்டு பேரிடம் டிக்கெட்டாக நெல்லிக்காய் வேறு வாங்கித் தின்றாகிவிட்டது. எனவே சனிக்கிழமை சாயங்காலம் தரையில் விழுந்து உருண்டேன். எனக்கு வேறு எந்தக் கலையும் வராது. உருளுவது நன்றாக வரும்.

"சரி எழுந்திரி, ஓட்டிக் காட்டறேன்" என்றார் அப்பா.

சாயங்காலம் என்றால் எங்கள் பக்கம் எல்லாப் பம்புசெட்டும் ஓடும் நேரம். டியூப்லைட் எரியாமல் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். குண்டு பல்பு கோவைப்பழமாகச் சிவந்திருக்கும். அந்த வெளிச்சத்தில் தெருப்பிள்ளைகள் ஜன்னலிலும் வாசலிலும் முண்டியடிக்க, அப்பா திருகைத் திருப்பினார். இரண்டாம் படியில் இன்ஜின் அசையவில்லை. மூன்றாம் படியில் எறும்பு போல ஊர்ந்தது. நான்காம் படியில் ஓடியது பாருங்கள்! பிள்ளைகள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது.

அப்பா தண்டவாளத்தில் மீட்டரை வைத்துப் பார்த்தார். "பன்னண்டு. சரியா இருக்குது." நான் ஓடிப்போய் அக்காவின் நகப்பூச்சை எடுத்துவந்து, நான்காம் படியில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தேன்.

"பாப்பா, இது நம்ம வூட்டுக்குத்தான்" என்றார் அப்பா. "அங்க போயி மொதல்லேர்ந்து மீட்டர் வச்சுப் பாத்துட்டுதான் திருப்பணும்."

வகுப்பில் டீச்சர் சொல்வதைக் கேட்பது போலவே இதையும் கேட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மொபெட்டில் பெட்டி என் மடியில் உட்கார்ந்து வந்தது. அதிகாரி வீட்டுக் கூடத்தில் நுழைந்ததும் என் கண்ணில் பட்டது ரயில் அல்ல, ஃபேன். எங்கள் வீட்டு ஃபேனில் இறக்கைகளை எண்ணலாம். இங்கே இறக்கை இருப்பதே தெரியவில்லை. அம்மா எண்ணெய் வைத்து அழுத்திச் சீவிய என் தலை எழுந்து நின்றது.

"வாப்பா, வா! இதான் ஒம் பொண்ணா? என்ன படிக்கிற?" அதிகாரி உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தார். "இன்னிக்கு ஒங்கப்பாதான் எங்களுக்கு ஸ்டேஷன் மாஸ்டர், தெரியுமா?" அப்பா கூச்சத்தோடு சிரித்து, மேஜைக்கு அடியில் குனிந்து ஒயர்களைச் சேர்க்க ஆரம்பித்தார். பலூன்களுக்கு நடுவில் புதுச்சட்டை போட்ட பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். பிறந்தநாள்காரன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"தொடாத. ஒனக்கு இதெல்லாம் தெரியாது."

"நேத்து எங்க வூட்லதான் ஓடிச்சு."

"பொய். ஒங்க வீட்லயா?"

அப்பா பைக்குள் மீட்டரைத் தேடிக்கொண்டிருந்தார். தலை இன்னும் மேஜைக்கு அடியில்தான் இருந்தது. நான் சுவிட்சைப் போட்டு, திருகை ஒரே திருப்பாகச் சிவப்புப் பொட்டுக்குக் கொண்டுபோனேன்.

"பாப்பா, இரு—"

முதலில் விளக்குக்கம்பங்கள் எரிந்தன. அத்தனை வெள்ளையாக, அத்தனை அழகாக எரிந்து, பட், பட், பட்டென்று வரிசையாக அணைந்தன. அதற்குள் ரயில் முதல் வளைவைத் தாண்டிவிட்டது. இரண்டாவது வளைவில் வளையவில்லை. நேராகப் போனது. ஸ்டேஷனை இடித்து, மலையைத் தாண்டி, மேஜையைத் தாண்டி, மொசைக் தரையில் விழுந்து மூன்றாக உடைந்தது. அதன் பிறகு கூடத்தில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பிறந்தநாள்காரன் அழும் சத்தம்.

அதிகாரி துண்டுகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"எத்தன வருஷமாப்பா கரண்ட் வேலை பாக்குற?"

"பதினோரு வருஷமுங்க சார்."

"வீட்ல டெஸ்ட் பண்ணிட்டுதானே எடுத்துட்டு வந்த?"

"பண்ணேனுங்க சார்."

"பின்ன எப்படி?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு மேலே ஃபேனைப் பார்த்தார். அவரிடம் இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று, எங்கள் வீட்டுக் கரண்ட். இன்னொன்று, என் கை. இரண்டுமே உண்மை.

"கணக்கு தப்பாயிடுச்சுங்க சார். எம்மேலதான் தப்பு."

அதிகாரி சுற்றி நின்ற விருந்தாளிகளைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "டேபிள் மேல ஓடுற ரயிலுக்கே ஒழுங்கா கரண்ட் குடுக்கத் தெரியல. இவங்கள நம்பித்தான் நாங்க அங்க சுரங்கம் ஓட்டுறோம்." விருந்தாளிகளும் சிரித்தார்கள். கரண்ட் விஷயத்தில் அந்த வீட்டில் நடந்த இரண்டாவது வேடிக்கை அது.

அதிகாரியின் மனைவி எனக்கு ஒரு காகிதத் தட்டில் கேக் வைத்துக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள். க்ரீம் ரோஜாவை முதலில் தின்றேன்.

பெயர்ப் பட்டியல் நாலு மாதம் கழித்து வந்தது. அப்பா பெயர் இல்லை. ரயிலால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். பட்டியலில் இல்லாதவர்கள் எத்தனையோ பேர், அவர்கள் யாரும் ரயில் விட்டவர்கள் இல்லை. ஆனால் அந்த அதிகாரி அதற்குப் பிறகு எந்த வேலைக்கும் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. முழங்கால் ஒத்துழைக்காத நாள் வரைக்கும் அப்பா கான்ட்ராக்டிலேயே இருந்தார். அந்த நீலப் பெட்டியை நான் பிறகு எங்கேயும் பார்க்கவில்லை. திருகைத் திருப்பியது யார் என்று அம்மாவிடம் அவர் கடைசி வரை சொல்லவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடு திரும்பியதும் அப்பா சட்டையைக்கூடக் கழற்றவில்லை. பையிலிருந்து மீட்டரை எடுத்து, அதன் இரண்டு கம்பிகளையும் சுவர் பிளக்கில் செருகிப் பிடித்தார்.

"பாப்பா, எவ்ளோ காட்டுது, படி."

"நூத்தி அறுபத்தெட்டு!" என்று கத்தினேன், எனக்குக் கிடைத்த மார்க் போல.

"அவங்க வூட்ல எவ்ளோ இருந்திருக்கும் தெரியுமா? எரநூத்தி நாப்பது."

நான் கொஞ்சம் யோசித்தேன். சோகமாக யார் இருந்தாலும் சிரிக்க வைத்துவிட வேண்டும் என்பது அப்போதே எனக்கு இருந்த வியாதி.

"அப்ப நம்ம வூட்டு கரண்ட்டுதாம்பா நல்ல கரண்ட்டு. மெதுவா போவுது, எதையும் ஒடைக்காது."

அப்பா சிரித்தார். அம்மாவும் அடுப்படியிலிருந்து சிரித்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று எனக்குப் பெரிய நிம்மதி. அந்த வசனத்தைத் தெருவில் ஒரு வாரம் சொல்லிச் சொல்லி நல்ல பெயர் எடுத்தேன். சிரித்து முடித்த பிறகும் அப்பா பிளக்கிலிருந்து கம்பிகளை எடுக்காமல், பம்புசெட்டுகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்க மீட்டர் முள் இன்னும் கீழே கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டே ஏன் நின்றார் என்று மட்டும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.