ரதி அழுத காரணம்

எனக்கு முதன்முதலில் கிடைத்த உத்தியோகம் வேவு பார்ப்பது. அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்த வேலையில் என்னை அமர்த்தியவர் என் அப்பா, நைனா. சம்பளம் கிடையாது. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் லாவணிக் கொட்டகையில் மற்றப் பெண்பிள்ளைகள் பாய்த்துணித் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க, நான் மட்டும் முன்வரிசையில், நைனாவின் கால்மாட்டில் உட்காரலாம். கலெக்டர் உத்தியோகம் கொடுத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு தலைக்கனம் வந்திருக்காது.

லாவணி என்றால் பாட்டுச் சண்டை. சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தாரே, அதில் மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா என்பதுதான் வழக்கு. எரிந்தான் என்பது ஒரு கட்சி. எரியவில்லை என்பது எதிர்க்கட்சி. ஒரு கட்சிக்காரர் பாட்டாகக் கேள்வி போடுவார். கேள்வி முடிந்ததும் டேப்பு என்கிற தோல்வாத்தியம் ஒரு சுற்று முழங்கும். அந்த முழக்கம் ஓய்வதற்குள் எதிராளி பதில் பாட்டை எடுத்துவிட வேண்டும். திணறினால் தோல்வி. தோற்றவர் தன் தோள் துண்டை எடுத்து ஜெயித்தவர் தோளில் போட்டுவிட்டு உட்கார வேண்டும். இதைக் கேட்கக் காலடிப்பேட்டையே திரண்டு வரும். மணலியிலிருந்தும் கட்டுச்சோற்றோடு வந்து இடம் பிடிப்பார்கள்.

சபையை நடத்தியவர் நைனா. ஹார்பரில் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டிவிட்டு வருபவர், வீட்டுக்கு வராமல் நேரே கொட்டகைக்குப் போய்விடுவார். அது முன்பு வலைகள் போட்டு வைத்திருந்த கொட்டகை. தரையில் மீன் செதில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுரண்டிக் கழுவ வேண்டும், பெட்ரோமாக்ஸுக்கு மேண்டில் தேட வேண்டும், ரேஷன் மண்ணெண்ணெய்க்கு யார் காலையாவது பிடிக்க வேண்டும், போதையில் வருபவனை வாசலிலேயே நயமாகத் திருப்பி அனுப்ப வேண்டும். வாரத்தில் ஆறு நாள் இந்த ஏற்பாடு, ஏழாம் நாள் கச்சேரி. வீட்டில் நைனாவின் குரல் கேட்பது வெள்ளிக்கிழமை காலையில் மட்டும்தான். கொல்லையில் முருங்கை மரத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முகம் மழித்தபடி மறுநாள் கேள்வியை உரக்கப் பாடிப் பார்ப்பார். அம்மா அந்த நேரத்தில் அடுப்படியில் இருப்பாள். அவளோடு பேசுவதற்கு நைனாவிடம் அதிகமாக எதுவும் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. "சோறு போடு" என்பார். போட்டதும் "போதும்" என்பார்.

நைனா எரிந்த கட்சித் தலைவர். எரியாத கட்சித் தலைவர் என் மாமா, அம்மாவின் தம்பி. தேரடிப் பக்கம் தனியாக ஒரு அறையில் இருந்தார். வெண்கலத் தொண்டை அவருக்கு. ஓங்கிப் பாடினால் கடல் சத்தம் அடங்கிப்போகும். ஆனால் விஷயம் கொஞ்சம் மட்டு. அதனால் வருஷக்கணக்கில் நைனாதான் ஜெயித்துக்கொண்டிருந்தார். மாமாவின் துண்டுகள் எங்கள் வீட்டுக் கொடியில் வரிசையாகத் தொங்கும்.

திடீரென்று காற்று திசை மாறியது. "நெருப்பில் எரியாமல் தப்பித்தவன் எந்த வழியாக ஓடினான்?" என்று நைனா ஒரு சனிக்கிழமை மடக்கினார். டேப்பு பாதிச் சுற்றுகூட வரவில்லை. மாமா எடுத்துவிட்டார்: அவன் ஓடவே இல்லை, எரிக்க வந்தவர் நெஞ்சுக்குள்ளேயே புகுந்துகொண்டான், இல்லாவிட்டால் சிவபெருமான் பிற்பாடு எதற்காகக் கல்யாணம் செய்துகொண்டார்? கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். நைனா மறுபாட்டு எடுக்க முடியாமல் தன் துண்டை மாமாவின் தோளில் போட்டார். அடுத்த வாரமும் அதே கதை. அதற்கடுத்த வாரமும். இப்போது நைனாவின் துண்டுகள் தேரடிக்குப் போகத் தொடங்கின.

"அவனுக்கு ஏது இவ்ளோ மூளை? எவனோ என் கேள்விய முன்னாடியே சொல்லிகினு கீறான்" என்று நைனா சோற்றைப் பிசைந்தபடி பல்லைக் கடித்தார்.

கேள்வி முன்கூட்டித் தெரிந்தவர் ஒருவர்தான்: டேப்புக்காரர். அவர் நைனாவோடு ஹார்பரில் ஒரே கேங்கில் வேலை செய்பவர். வண்ணாரப்பேட்டையிலிருந்து வருவார். சின்ன வயதிலிருந்தே நைனாவுக்குத் தோஸ்து. தாளம் பார்த்துக்கொள்வதற்காக நைனா வெள்ளிக்கிழமை மத்தியானமே அவரிடம் கேள்வியைப் பாடிக் காட்டுவது வழக்கம். சபைக்கு இருந்தது ஒரே டேப்பு. இரண்டு கட்சிக்கும் அவர்தான் அடிப்பார். ஆக, சந்தேகப்படுவதற்கு வெளியே தேட வேண்டியதே இல்லை. வீட்டில் இருந்தவர்களை நைனா கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அப்படித்தான் எனக்கு உத்தியோகம் வந்தது. டேப்புக்காரர் மீது கண் வைக்கச் சொன்னார் நைனா. நான் வைத்தேன். கண்ணை எடுக்கவே இல்லை. சந்தேகம் என்பது எவ்வளவு ருசியான பண்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் மாமாவிடம் பீடிக்கு நெருப்பு வாங்கினார், சொன்னேன். இரண்டு தரம் இருமினார், அதுவும் மாமா இருந்த திசையில், சொன்னேன். டேப்பின் தோலை முறுக்கேற்றுவதற்காகப் பழைய கடுதாசியைக் கொளுத்திக் காய்ச்சினார். அதில் ஏதோ எழுதியிருந்தது போலத் தெரிந்தது என்று ஒரு போடு போட்டேன். நைனா என் தலையைத் தடவிக் கொடுத்தார். அவர் முகம் மட்டும் கறுத்துப்போயிற்று.

டேப்புக்காரருக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. ஒருநாள் கொட்டகை வாசலில் என்னைப் பார்த்து, "இன்னா பாப்பா, இன்னிக்கி நான் எத்தினி தபா தும்மினேன்னு எழுதிகினியா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கண்ணில் சிரிப்பு இல்லை. குற்றவாளிகள் இப்படித்தான் பேசுவார்கள் என்று நான் முடிவு செய்தேன்.

கடைசியில் நைனா எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார்: வரும் சனிக்கிழமை உண்மை தெரிந்துவிடும், இவன்தான் என்று தெரிந்தால் டேப்பைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட வேண்டும், அப்புறம் ஹார்பரிலும் தன்னோடு பேசக் கூடாது. டேப்புக்காரர் டேப்பை மடியில் வைத்துக்கொண்டு அதன் விளிம்பை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி அம்மா சோறு போடும்போது, "அந்த மனுசன் மேல பயி போடாத. அவரு அப்டி பண்றவரு இல்ல" என்றாள்.

"உனக்கு இன்னா தெரியும்? கம்முனு கெட" என்றார் நைனா. அம்மா கம்மென்றுதான் இருந்தாள். ஆனால் "போதும்" என்று அவர் சொன்ன பிறகும் இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டுவிட்டுப் போனாள்.

இங்கே என் சொந்த வழக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை தோறும் மத்தியானம் நான் மாமாவுக்கு மீன்குழம்பு கொண்டுபோவேன். கிளம்புவதற்கு முன்னால் அம்மா எனக்குத் தலை வாரிவிடுவாள். வாரும்போது ஏதாவது ஒரு பாட்டுச் சொல்லிக் கொடுப்பாள். இரண்டடி, மூன்றடிதான். பின்னல் முடிவதற்குள் எனக்கு மனப்பாடம் ஆகிவிடும். அதைப் பாடிக்கொண்டே தேரடிக்குப் போவேன். மாமா குழம்புச் சட்டியை வாங்குவதற்கு முன்னால், "இன்னா பாட்டு பாடிகினு வந்தே? இன்னொரு தபா பாடு" என்பார். பாடுவேன். அன்று சாயங்காலம் பார்த்தால் அதே பாட்டை மாமா கொட்டகையில் இழுத்து நீட்டிப் பாடிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருப்பார். எனக்கு எப்படி இருக்கும்! என் பாட்டை மாமா திருடுகிறார் என்று வயிறெரிவேன். ஆனால் நைனாவிடம் சொல்லவில்லை. நைனா தேடிக்கொண்டிருந்தது கேள்வியைத் திருடியவனை. என்னிடமிருந்து போனது பதில்தானே? அது வேறு, இது வேறு. ஒரு வேவுகாரி வேலையையும் சொந்தத் துக்கத்தையும் போட்டுக் குழப்பக் கூடாது.

நைனா பொறி வைத்தார். வெள்ளிக்கிழமை டேப்புக்காரரிடம், மன்மதனின் கரும்பு வில் இப்போது யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியைப் பாடிக் காட்டினார். அது பொய்க் கேள்வி. உண்மையில் அவர் கேட்க நினைத்திருந்தது, மன்மதன் எரியவில்லை என்றால் ரதி ஏன் அழுதாள் என்பது. அதை அன்று காலையில் கொல்லையில் முகம் மழிக்கும்போது பாடிப் பார்த்ததோடு சரி. சனிக்கிழமை கொட்டகைக்கு நடந்து போகும்போது அதிலும் ஒரு சந்தேகம் தட்டிவிட்டது. எதற்கு வம்பு என்று வழியிலேயே மூன்றாவதாக ஒன்றைக் கட்டிக்கொண்டார். எரியவில்லை என்றால் அந்தச் சாம்பல் எங்கிருந்து வந்தது? என்னிடம் மட்டும் காதோடு சொன்னார். "வில்லுன்னு ஆரம்பிச்சான்னு வெச்சுக்கோ, டேப்புக்காரன் காலி."

பெட்ரோமாக்ஸ் உஸ்ஸென்று எரிந்துகொண்டிருந்தது. நைனா எழுந்து சாம்பலைக் கேட்டார். டேப்புக்காரர் திடுக்கிட்டுத் தலை நிமிர்ந்தார். அவரிடம் சொன்ன கேள்வி இது இல்லையே. என்றாலும் கை தாளத்தை விடவில்லை. நான் மாமாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல வாரமாகத் தயார்ப் பதிலோடு வந்து பழகிய மாமா, கேள்வியைக் காது கொடுத்துக் கேட்கிற பழக்கத்தையே விட்டுவிட்டிருந்தார். டேப்பு ஓய்வதற்குள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார்:

"செத்த புருசனுக்கா ரதி அழுதா? இல்லடி!
பக்கத்துல நின்ன புருசன்
பாக்காம போனதுக்கே ரதி அழுதா!"

கொட்டகை ஒரு நிமிஷம் திகைத்து, பிறகு வெடித்துச் சிரித்தது. சாம்பலைக் கேட்டால் கண்ணீரைச் சொல்கிறாரே! அதிலும் நைனாவைப் பார்த்து 'டி' போட்டுவிட்டாரே! மாமா கண்ணைத் திறந்து இருபுறமும் பார்த்தார். தப்பு என்று தெரிந்ததும் முகம் சுருங்கிப்போயிற்று. தோள் துண்டை எடுத்துக்கொண்டு நைனாவிடம் வந்தார்.

நைனா தோளைக் காட்டவில்லை. அவர் சிரிக்கவும் இல்லை.

"அந்தப் பாட்ட இன்னொரு தபா பாடு" என்றார்.

"தோத்துட்டேன் மச்சான், வுடு."

"பாடுடா."

மாமா மெதுவாகப் பாடினார். டேப்பு இல்லாமல் கேட்டபோது அது லாவணி மாதிரியே இல்லை. நைனா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பிறகு நேராக டேப்புக்காரரிடம் போய் நின்றார். மடியிலிருந்து ஒரு பீடியை எடுத்து, தானே பற்றவைத்து, அவரிடம் நீட்டினார். டேப்புக்காரர் அதை உடனே வாங்கவில்லை. நைனாவின் கை நீட்டியபடியே இருந்தது. கடைசியில் வாங்கிக்கொண்டு, "உன் பொண்ணுக்கு முன்னாடி இருமலாமா?" என்று கேட்டார். எனக்கு அவமானமாக இருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் நைனா கேட்டார், "ஏ பாப்பா, அந்தப் பாட்டு உனக்குத் தெரியுமா?"

இதற்குத்தானே காத்திருந்தேன். "அது என் பாட்டு! அம்மா தல வாரும்போது சொல்லிக் குடுத்துது. மாமா எல்லாத்தையும் திருடிகினாரு. அந்த நெஞ்சுக்குள்ள பூந்த பாட்டும் என்துதான்" என்று கொட்டித் தீர்த்தேன். திருடனைப் பிடித்துக் கொடுத்த பெருமையில் நிமிர்ந்து நடந்தேன். நைனா மாமாவைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் கையை விட்டுவிட்டு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். வீட்டுக்குள் போனதும் அடுப்படி வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். "இன்னா?" என்று கேட்டாள் அம்மா. "ஒண்ணுமில்ல" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கண்ணாடியை முருங்கை மரத்திலிருந்து கழற்றி அடுப்படி ஜன்னல் கம்பியில் மாட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு பட்ட பிறகு யாராவது இப்படிக் கத்திப் பாடுவார்களா? அதுவும் நிறுத்தி நிறுத்தி, பாடம் சொல்லிக் கொடுப்பது போல இரண்டு தரம். எரியாமல் நின்ற மன்மதன் என்ன செய்தால் ரதி கண்ணைத் துடைத்துக்கொள்வாள்? இதுதான் கேள்வி. உள்ளே குழம்பு கிளறும் சத்தம் நின்றது. ரொம்ப நேரம் கழித்துத்தான் மறுபடி கேட்டது.

சனிக்கிழமை அம்மா எனக்குத் தலை வாரினாள். பாட்டு ஒன்றும் வரவில்லை. நானாகக் கேட்டும், "இன்னிக்கி இல்ல" என்றாள். மாமா சட்டியை வாங்கிக்கொண்டு என் வாயைப் பார்த்தார். சட்டிக்குள் பார்த்தார். "பாட்டு இல்லியா? அய்யே, அக்கா இன்னா இப்டி பேஜார் பண்ணுது" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

அன்று மாமா திணறினார். டேப்பு ஒரு சுற்று அல்ல, இரக்கப்பட்டு இரண்டு சுற்று முழங்கியது. பிரயோஜனமில்லை. நைனா ஜெயித்தார். மாமாவின் துண்டு நைனாவின் தோளுக்கு வந்தது. ஆனால் ஜெயித்தவர் முகமா அது? பாயைச் சுருட்டக்கூட நிற்காமல், விளக்கை டேப்புக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இவ்வளவு சீக்கிரம் அவர் வந்து நான் பார்த்ததில்லை.

அம்மா அடுப்புக்கு முன்னால் இருந்தாள். நைனா அடுப்படி வாசலில் உட்கார்ந்தார். சோறு கேட்கவில்லை.

"இன்னா, ஒண்ணும் சொல்லி அனுப்பல?" என்றார்.

அம்மா திரும்பாமலே சொன்னாள், "எதுக்கு அனுப்பணும்? கேட்டவரு இங்கதானே வந்து குந்திகினு கீறாரு."

நைனா எழுந்தார். தன் தோளில் இருந்த துண்டை எடுத்து, அம்மாவின் தோளில் போட்டார். அம்மா அதைத் தள்ளவில்லை. அதன் முனையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அடுப்புப் புகை கண்ணில் பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

எனக்கு ஒரே எரிச்சல். கொட்டகைக்கே வராத அம்மாவுக்கு எதற்குத் துண்டு? தோற்றவர்தானே ஜெயித்தவர் தோளில் போட வேண்டும்? இவர்தான் இன்றைக்கு ஜெயித்தவராயிற்றே. இத்தனை வருஷம் சபை நடத்தியவருக்குச் சபையின் விதியே மறந்துபோயிற்று. காலையில் முதல் வேலையாக நைனாவுக்கு அதை எடுத்துச் சொல்லித் திருத்த வேண்டும் என்று நினைத்தபடியே தூங்கிப்போனேன்.