சொம்புத் தண்ணீரும் நியூட்ரானும்

நான் பார்க்கும் வேலையை எங்கள் ஊரில் விளக்கி ஜெயித்ததே இல்லை. வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில், கடுகளவு ஹைட்ரஜன் உருண்டையை லேசரால் அடிப்போம். அது பிளாஸ்மாவாகக் கொதித்து, கண் சிமிட்டும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குகூட நிலைக்காமல் சிதறிவிடும். அதற்குள், சூரியனுக்குள் நடப்பதுபோல், அணுக்கள் என்ன வேகத்தில் இணைந்தன என்பதை, தெறித்து வரும் நியூட்ரான்களை எண்ணிச் சொல்ல வேண்டும்.

"அடுப்பு எரியுதான்னு எட்டிப் பாத்துச் சொல்ற வேல. இதுக்கா இத்தன வருசம் படிச்ச?" என்பார் அம்மா. ஒருவகையில் சரிதான்.

அம்மா இருப்பது அரியலூர் பக்கம், சுண்ணாம்புக்கல் குவாரிக்கு அருகில். மதியம் சங்கு ஊதிவிட்டு வெடி வைப்பார்கள். அடுக்களைச் சுவரில் விரல் நுழையும் விரிசல். மழை பிடித்தால் சுவர் அம்மா மேலேயே விழுந்துவிடும் என்று எனக்குப் பயம். குவாரிக்காரர்களோ, "எங்க வெடிக்கு வூடு அதிராதுங்க" என்று சாதித்தார்கள். கடைசியில் ஓர் அதிகாரி நேரில் பார்க்க ஒப்புக்கொண்டார். அதிர்வு உண்டு என்று அவர் எழுதினால், சுவரை அவர்கள் கட்டித் தர வேண்டும்.

லீவு போட்டு ஓடினேன். சூரியனுக்குள் நடப்பதையே அளக்கிறவனுக்கு இது எம்மாத்திரம்! சுவர் அலமாரியில் ஒரு சொம்பை வைத்து, ததும்பத் ததும்பத் தண்ணீர் ஊற்றினேன்.

"சார், செவுரு அதிர்ந்தா தண்ணி சிந்தும். வேற சாட்சி வேணுமா?"

அதிகாரி பேனாவைத் திறந்துகொண்டார்.

சங்கு ஊதியது. டமார் என்றது. ஒரு சொட்டு சிந்தவில்லை. அம்மா இரண்டு கையாலும் சொம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் தெருவில் சங்கு கேட்டால் அவரவர் எதிரில் இருப்பதைப் பிடித்துக்கொள்வார்கள், அப்படியே பழகிவிட்டது.

எனக்கு வந்ததே கோபம்! கத்துவதற்கு வாயைத் திறந்தபோதுதான் பார்த்தேன், என் கை சுவர்க் கடிகாரத்தை அழுத்திப் பிடித்திருந்தது.

"அதிர்றதாலதான சார் புடிக்கிறோம்..." என்று இழுத்தேன்.

"இருக்கலாம் தம்பி. தண்ணி சிந்தலயே. நான் பாத்தத்தான எழுத முடியும்?"

'அதிர்வு இல்லை' என்று எழுதிவிட்டுக் கிளம்பினார். ஆய்வுக்கூடத்தில் நானும் அப்படித்தான் எழுதுவேன்.

அம்மா அப்போதும் சொம்பை விடவில்லை.

"சங்கு சத்தம் கேட்டா கை தானா போவுதுடா, என்ன செய்ய?" என்றவர், விரிசலை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். "மழ வந்தா இந்தச் செவுத்தயும் நான்தான் புடிச்சுக்கிட்டு நிக்கணும் போல."