வருது என்று சொன்ன ஸ்பிரிங்

அனுசுயாவின் கடையில் எல்லா ஸ்பேர் பார்ட்ஸும் கிடைக்கும். ‘இல்லை’ என்ற சொல் மட்டும் கிடைக்காது. விளக்கு வைத்த பிறகு உப்போ ஊசியோ கேட்டு வருகிறவரிடம் இல்லை என்று சொல்லக் கூடாது என்பது பெரம்பலூர் கடைத்தெருவில் பலருக்கும் உள்ள பழக்கம்தான். அனுசுயா அதைக் காலையில் ஷட்டரைத் தூக்குவதிலிருந்தே கடைப்பிடித்தார். கேட்ட பொருள் கடையில் இல்லாவிட்டால் “வருது” என்பார். எங்கிருந்து, எப்போது என்பதெல்லாம் பேச்சில் இருக்காது.

சொன்னால் வரவழைத்தும் விடுவார். மருந்தடிக்கும் மெஷினுக்கு நாசில், மோட்டாருக்கு ஃபுட்வால்வு, மிக்சிக்கு கப்ளர் எல்லாம் அப்படி வந்தவைதான். ஒருமுறை தையல் மெஷின் பார்ட் ஒன்றுக்காகத் திருச்சிக்கு பஸ் ஏறி, கடை கடையாக அலைந்து வாங்கி வந்தார். கேட்டவர் அதற்குள் புது மெஷினே வாங்கியிருந்தார். அனுசுயாவுக்கு அதில் வருத்தமில்லை. சொன்னது வந்துவிட்டதல்லவா.

இதுவரை வராதது ஒன்றே ஒன்று: பாவாடை கேட்ட ஸ்பிரிங்.

பாவாடை பாடாலூர்க்காரர். திருவிழாக்களில் பலூன் சுடும் கடை போடுபவர். அவர் வைத்திருந்த ஏர்கன், குழாய்க்கு அடியில் இருக்கும் கம்பியை இழுத்து இறுக்குகிற பழைய மாடல். இப்போது வருபவை நடுவில் மடிப்பவை. அவற்றின் ஸ்பிரிங் இதற்குச் சேராது. தைப்பூசத்துக்கு முன் கேட்டார். வருது என்றார் அனுசுயா. மாசி மகத்துக்கு முன் கேட்டார். அப்போதும் வந்துகொண்டிருந்தது. பங்குனி உத்திரம் நெருங்கியதும் துப்பாக்கியையே லுங்கியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

“அக்கா, செட்டிகுளம் திருவிழா வந்துடுச்சு. உங்க ஸ்பிரிங் என்ன, நடந்து வருதா?”

“அவ்வளவு மோசமாவா இருக்கு?”

“சுட்டா குண்டு வெளிய வருதுக்கா. பலூன் வரைக்கும் போகத்தான் அதுக்கு மனசு இல்ல. பாதியிலேயே வுழுந்துடுது. சின்னப் புள்ளைங்க பொறுக்கியாந்து கையில குடுக்குதுங்க.”

“குண்டு மிச்சம்தானேய்யா” என்றார் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த கலைவாணன். அனுசுயாவின் கணவர், ரிட்டயரான கணக்கு வாத்தியார்.

“சார் சிரிக்கிறாரு. முடியலன்னா சொல்லிடுங்கக்கா. நான் அரியலூர்ல பாத்துக்கறேன்.”

அரியலூர் என்றதும் அனுசுயாவின் முகம் மாறியது. “வருதுன்னு சொன்னேன்ல” என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலையே கோயம்புத்தூரில் ஒரு பட்டறைக்கு போன் செய்தார். செய்து தருவார்கள், ஆனால் ஒன்றிரண்டு செய்ய மாட்டார்கள். எடுத்தால் ஒரு மூட்டை எடுக்க வேண்டும்.

“அந்த மாடல் துப்பாக்கி பாவாடைகிட்ட மட்டும்தான் இருக்கு. மீதி ஸ்பிரிங்க வச்சு என்ன பண்ணப்போறே? மெத்தை தைக்கப் போறியா?” என்றார் கலைவாணன்.

“வேற யார்கிட்டயாவது இருக்கும்ங்க.”

“இருக்குன்னு காட்டு, மூட்டையாவே வாங்கிக்க. இல்லேன்னா பாவாடைய கூப்பிட்டு, உன் வாயால ‘இல்ல’ன்னு சொல்லணும். நான் பக்கத்துல நின்னு கேக்கணும்.”

மறுநாளிலிருந்து அனுசுயா விசாரிக்கத் தொடங்கினார். கடைக்கு வந்த ஒவ்வொரு விவசாயியிடமும், நாசிலைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, “உங்க ஊர்ல யார்கிட்டயாவது பழைய துப்பாக்கி இருந்தா கொண்டாரச் சொல்லுங்க, பாக்கணும்” என்றார்.

அது தேர்தல் வருடம் என்பதை அவர் யோசிக்கவில்லை. தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் கொண்டுபோய் ஒப்படைப்பது ஊர்ப்பக்கம் எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. டவுனில் ஒருவர் துப்பாக்கி கேட்கிறார் என்றால் வேறு என்ன அர்த்தம்? ஒரு வாரத்துக்குள் செய்தி ஜெயங்கொண்டம் வரை போய்விட்டது. ஒரு கட்சிக்காரர் முன்னெச்சரிக்கையாக அனுசுயாவின் கடைச் சுவருக்கு வெள்ளையடித்துத் தன் கட்சிக்கு ரிசர்வ் செய்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை கடை வாசலில் கூட்டம். ஆளுக்கொரு துப்பாக்கி. சாக்கில் சுற்றியது, வேட்டியில் சுற்றியது, பழைய சேலையில் சுற்றியது. முன்னால் நின்றவர் உடையார்பாளையத்து அய்யாக்கண்ணு.

“புடிங்கம்மா. ரசீது குடுத்தீங்கன்னா பஸ்ஸ புடிச்சிருவேன்.”

“எதுக்குங்க ரசீது?”

“எலெக்‌ஷன் முடிஞ்சு திருப்பி வாங்கணுமே. போன தடவ ஸ்டேஷன்ல குடுத்தாங்க. இந்தத் தடவ ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு மாத்திட்டாங்கன்னு சொன்னாங்க.”

டீ குடிக்க வந்த ஏட்டு ஒருவர் கூட்டத்தைப் பார்த்துவிட்டு டம்ளரோடு வந்தார். “ஏம்மா, எங்க வேலைய நீ எப்ப எடுத்துக்கிட்டே?”

“நான் வாங்கல சார். பாத்துட்டுக் குடுத்துருவேன்.”

“தேதியே இன்னும் அறிவிக்கல. லைசென்ஸ் துப்பாக்கிக்காரங்க எல்லாம் வூட்டுக்குப் போங்க. ஏர்கன்னுக்கு இது தேவையே இல்ல.”

பாதிக் கூட்டம் முணுமுணுத்தபடி பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பியது. மீதிப்பேர் கையில் இருந்தவை ஏர்கன்கள். அனுசுயா ஒவ்வொன்றாக வாங்கித் திருப்பிப் பார்த்தார். எல்லாவற்றிலும் குழாய்க்கு அடியில் கம்பி.

“இது வேலை செய்யுதுங்களா?” என்று அய்யாக்கண்ணுவிடம் கேட்டார்.

“தென்னைக்கு வர்ற குரங்க வெரட்ட வாங்கினது. முன்னெல்லாம் சத்தத்துக்கே ஓடும். இப்ப நான் துப்பாக்கிய எடுத்தா, என்ன பண்றான்னு பாக்க எறங்கி வருது.”

“ஸ்பிரிங் மாத்தணும். வருது.”

கலைவாணன் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

மூட்டை வந்தது. பாவாடையின் துப்பாக்கியில் முதல் ஸ்பிரிங் ஏறியது. பிறகு அய்யாக்கண்ணு, பிறகு மற்றவர்கள். கழற்றிய பழையவற்றை அனுசுயா ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார்.

“செத்த ஸ்பிரிங்க எதுக்கு வைக்கறே?” என்றார் கலைவாணன்.

“யாராவது கேட்டா என்ன சொல்றது?”

“எவன் கேப்பான்?”

திருவிழா முடிந்த மறுநாள் காலை பாவாடை வந்தார். துப்பாக்கி மறுபடியும் லுங்கிக்குள் இருந்தது.

“ஏன் பாவாட, சுடலையா?”

“சுடுதுக்கா. எல்லாரும் சுடறாங்க. இடுப்புல புள்ளைய வச்சிருந்த ஒரு பொண்ணு, ஒத்தக் கையாலயே ஒரு வரிசைய காலி பண்ணிட்டுப் போகுது. தேர் நிலைக்கு வர்றதுக்குள்ள பிளாஸ்டிக் குடம், டிபன் பாக்ஸ், பரிசு பூரா போச்சு. பலூன் ஊதி ஊதி வாய் வலிக்குதுன்னு என் பொண்டாட்டி நேத்துலேர்ந்து என்கூடப் பேசறதில்ல.”

“அதுக்கு ஏன்யா வருத்தப்படறே?” என்றார் கலைவாணன்.

பாவாடை குரலைத் தாழ்த்தினார். “அந்தப் பழைய ஸ்பிரிங் இருக்காக்கா?”

“வரு…” என்று பழக்கத்தில் ஆரம்பித்த அனுசுயா நிறுத்தினார். டின்னை எடுத்து மேசையில் வைத்தார். கணவர் காதில் விழும்படி, “இருக்கு” என்றார்.

“என்னோடது வேணாம், அது ரொம்பச் செத்தது. பலூன் வரைக்கும் போகணும். போய்த் தொடணும். ஒடைக்கக் கூடாது.”

இருவரும் டின்னைக் கொட்டி ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார்கள். அய்யாக்கண்ணுவின் ஸ்பிரிங் பொருத்தமாக இருந்தது.

சித்திரை பிறப்பதற்குள் விஷயம் பலூன் கடைக்காரர்களிடையே பரவிவிட்டது. அதே பழைய மாடலோடு ஜெயங்கொண்டத்திலிருந்து வந்தார்கள். அரியலூரிலிருந்தே வந்தார்கள். டின் காலியானது. புது ஸ்பிரிங் மூட்டையை மட்டும் யாரும் சீண்டவில்லை. கடைசியாக அரியலூர்க்காரர் இன்னொருவர் வந்து, நன்றாக உழைத்துத் தேய்ந்த ஸ்பிரிங் ஒன்று வேண்டும் என்றார்.

அனுசுயா டின்னைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். பிறகு, நாளெல்லாம் உட்கார்ந்தே இருக்கும், உடம்பிலும் குறைவில்லாத கலைவாணனைப் பார்த்தார்.

“வருது” என்றார்.

இப்போது கலைவாணனின் நாற்காலியில் இரண்டு பலகைகள் இருக்கின்றன. நடுவில் புது ஸ்பிரிங்குகள் வரிசையாக நிற்கின்றன. மேலே கலைவாணன் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். மெத்தை என்று முதலில் சொன்னவர் அவர்தான் என்பதால் மறுத்துப் பேச முடியவில்லை. ஸ்பிரிங் வந்துவிட்டதா என்று கேட்கிறவர்களிடம், “சார் இன்னும் எழுந்திரிக்கல” என்கிறார் அனுசுயா.