பனியில் தொப்பியைக் கழற்றியவர்கள்

பனியைப் பற்றி யார் பேசினாலும் எனக்குப் பாச்சா உருண்டை வாசனைதான் வரும். எங்கள் தெருமுனைச் சங்கக் கட்டடத்தில் திரையாகக் கட்டுகிற வெள்ளைத் துணியைப் பாச்சா உருண்டை போட்டுத்தான் பெட்டியில் மடித்து வைப்பார்கள். நான் முதன்முதலாகப் பனி கொட்டப் பார்த்தது அந்தத் துணியில்தான், அதுவும் புதுச்சேரியின் மே மாதப் புழுக்கத்தில், பாயில் உட்கார்ந்து முறுக்குக் கடித்தபடி.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்களை எங்கள் ஊரில் "சொல்தா" என்பார்கள். அப்பாவும் ஒரு சொல்தா. அவர்கள் சேர்ந்து நடத்திய அந்தச் சங்கத்தில் ஞாயிறு சாயங்காலங்களில் ஏதாவது படம் போடுவார்கள். எந்த நாட்டுப் படமானாலும் அடியில் பிரெஞ்சு எழுத்து ஓடும். வீட்டுப் பெண்களுக்கு அது புரியாது என்பதால், ஒருவர் திரைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எழுத்தைப் படிக்கப் படிக்கத் தமிழில் உரக்கச் சொல்வார். அதற்கு "படம் சொல்றது" என்று பெயர். அதில் அப்பாவை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. எழுத்தில் இருப்பதோடு நிறுத்திக்கொள்கிற வழக்கமும் அவருக்கு இல்லை. எந்த நாட்டு ராஜாவும் அவர் வாயில் விழுந்தால் எங்கள் முத்தியால்பேட்டைக்காரராகி விடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போட்டது சுவீடன் நாட்டுப் படைத்தலைவர் ஒருவருடைய வாழ்க்கைக் கதை. படம் பக்கமே வராத அம்மா அன்று வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். என் அண்ணன் சேகரும் அப்பாவைப் போலவே பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து, ஏதோ ஒரு பாலைவன நாட்டில் சண்டை நடக்கிற இடத்துக்குப் போயிருந்தான். பல வாரங்களாக அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. "சண்டைப் படமாமே, அங்கல்லாம் எப்பிடி இருப்பாங்கன்னு பாத்துட்டு வரேன்" என்றாள். பாலைவனத்துப் பிள்ளையைப் பனியில் தேடப் போகிறாளே என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

படத்தில் அந்தத் தலைவர் உறைந்துபோன ஆற்றின்மேல் வீரர்களை நடத்திப் போகிறார், தன் ரொட்டியைப் பிட்டு அவர்களுக்குக் கொடுக்கிறார். "டேய், கால பாத்து வைங்கடா, ஐஸு ஒடைஞ்சா மீனுக்குத்தான் விருந்து!" என்று அப்பா குரல் கொடுக்க, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அம்மா மட்டும், "இவரு அம்மாவ ஏங்க காட்டவே மாட்றாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "வருவாங்க, இரு" என்றார் அப்பா. கடைசிவரை வரவில்லை.

முடிவில் பனிமூட்டத்துக்குள் பெரிய சண்டை. தலைவரின் குதிரை மட்டும் தனியாகத் திரும்பி ஓடிவந்தது. அதைப் பார்த்த வீரர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள். அடியில் எழுத்து ஓடியது. நான் பிரெஞ்சுப் பள்ளியில் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். இறந்துவிட்டார் என்று போட்டிருப்பதைப் படிக்க அந்தப் படிப்பே போதும். அப்பா அதை மட்டும் தமிழில் சொல்லவில்லை.

"என்னங்க போட்டிருக்கு?" என்றாள் அம்மா.

"காயமாம். பொழைச்சிக்குவாரு."

"காயத்துக்கா தொப்பியக் கழட்றாங்க?"

"அது அவங்க ஊரு மரியாதை" என்ற அப்பா, என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் அதட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. பெற்ற அப்பா கெஞ்சுவதைப் பார்க்கும் சிறுமிக்கு என்ன செய்யத் தோன்றும்? கடித்த முறுக்கை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மழைக்காலம் தொடங்குவதற்குள் எங்கள் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ராணுவ உடையில் இருந்தார். வாசலிலேயே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பிரெஞ்சில் மெதுவாக ஏதோ சொன்னார். அத்தனை படம் சொன்ன அப்பா, அம்மாவைப் பார்த்துத் திரும்பி, "சேகருக்குக் காயமாம்..." என்று ஆரம்பித்தார்.

"வேணாங்க" என்றாள் அம்மா. "தொப்பியக் கழட்டிட்டாங்க."

அவள் அழவில்லை, அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பிடித்துக்கொள்வதா, சுவரைப் பிடித்தபடி நின்ற அப்பாவிடம் போவதா என்று தெரியாமல் நான் நடுவில் நின்றேன். இன்று நினைத்தாலும் அந்த இடத்தில் நிற்பதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. அப்பா அதன்பிறகு படம் சொல்லவே இல்லை.

சங்கக் கட்டடம் இப்போது வெள்ளையடித்த காப்பிக்கடை. அந்த ஸ்டூலும் இல்லை, துணியும் இல்லை, அப்பாவும் இல்லை. அம்மா ரெட்டியார்பாளையத்தில் என்னோடு இருக்கிறாள். போன வாரம் போனில் எதையோ தேடும்போது அந்தப் படம் கிடைத்தது, அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். இப்போதெல்லாம் யாரும் சொல்ல வேண்டியதில்லை, அடியில் தமிழ் எழுத்தே ஓடுகிறது. குதிரை தனியாக ஓடிவந்ததும் நிறுத்தப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஓடிய எழுத்தைக் கூட்டிப் படித்தாள். "இறந்து... விட்டார்."

"உங்கப்பா பாவம்" என்றாள். பிறகு போனைக் காட்டி, "இவரு அம்மாகிட்ட யாருடி போய்ச் சொன்னாங்க?"

"அதப் படத்துல காட்டலம்மா."

"காட்ட மாட்டாங்க" என்றாள் அம்மா.