உப்புப் பார்க்கும் கருவி

சந்திரலேகாவை எனக்கு ஒன்பது வருடமாகத் தெரியும். காரைக்காலில் நாங்கள் வேலை பார்க்கும் தனியார் பள்ளியில் அவள் கம்ப்யூட்டர் டீச்சர், நான் கணக்கு டீச்சர். பிரிண்டர் மக்கர் செய்தாலும் அவளைத்தான் கூப்பிடுவோம், புரொஜெக்டர் படுத்துக்கொண்டாலும் அவளைத்தான். தெரியாது என்று சொல்ல அவளுக்கு வராது. தெரியாவிட்டால் உட்கார்ந்து தெரிந்துகொண்டுவிடுவாள். அந்தக் குணத்தை நான் வாய் ஓயாமல் புகழ்ந்திருக்கிறேன். இப்போது என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

அவள் வீடு பக்கத்தில் போலகம் கிராமத்தில். கணவர் நவநீதனுக்கு ஒரு தொழிற்சாலையில் நைட் ஷிப்ட், அதோடு சொந்தமாக ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலம். ஆற்றுத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் பாதிப் பருவம் போய்விடும். அதனால் சம்பா நாற்றங்காலுக்கு ஃபில்டர் பாயிண்ட் என்கிற ஆழமில்லாத குழாய்க்கிணற்றுத் தண்ணீர்தான். கடலோரம் அல்லவா, முதலில் நல்ல தண்ணீராக வரும், மோட்டார் ஓட ஓட உப்பு ஏறும். நவநீதன் அரை மணிக்கு ஒரு தடவை ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்ப்பார். கரித்தால் மோட்டாரை நிறுத்திவிடுவார். இரவெல்லாம் வேலை செய்துவிட்டு வந்து, காலை ஏழிலிருந்து பதினொன்று வரை இப்படிக் காவல் இருப்பார். போன வருடம் ஒருநாள் உட்கார்ந்தபடியே தூங்கி, மோட்டார் தொட்டியின் விளிம்பில் விழுந்து நெற்றியில் நாலு தையல். லேகா ஆடிப்போய்விட்டாள்.

அவர் தூங்க வேண்டும், நாற்றும் பிழைக்க வேண்டும். இதற்காகத்தான் அந்தக் கருவியைச் செய்தாள். குழாய்க்குள் இரண்டு கம்பி, வெளியே ஒரு சின்ன போர்டு. தண்ணீரில் உப்பு கூடினால் மோட்டார் தானாக நிற்கும். புரோகிராம் எழுத அவளுக்கு ஓரளவு வரும், ஒயரிங் சுத்தமாக வராது. செல்போனில் இருக்கும் சாட்பாட்டிடம்தான் எல்லாம் கேட்டாள். உள்ளதைச் சொல்ல வேண்டும், அது நன்றாகவே உதவியது. எந்த ஒயர் எங்கே போகும் என்று சொன்னது. ஓடாத புரோகிராமைக் காட்டினால் எந்த வரியில் தப்பு என்று நொடியில் சொன்னது. ஸ்டாஃப் ரூமில் ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பைப் போட்டுக் கலக்கினாள், பச்சை விளக்கு சிவப்பானது. நாங்கள் எல்லோரும் கைதட்டினோம்.

கோடையில் வயலில் ஓட்டிப் பார்த்தபோது ஒரு சிக்கல் வந்தது. எந்நேரமும் மின்சாரம் ஓடி, கம்பிகள் இரண்டு வாரத்தில் அரித்துப்போய்விட்டன. என்ன செய்யலாம் என்று சாட்பாட்டிடம் கேட்டாள். மோட்டார் போட்டதும் ஒரே ஒரு தடவை அளந்தால் போதும், கம்பி அரிக்காது, நிலத்தடி நீரின் உப்பு சில மணி நேரத்தில் மாறிவிடாது என்றது. நிச்சயமாகவா என்று கேட்டாள். நிச்சயமாக என்றது. அவளுடைய கவனத்தை வேறு பாராட்டியது. கம்பி அரித்ததை அவளே கண்ணால் பார்த்திருந்தாள், அது உண்மை. அந்த உண்மையின் பின்னாலேயே பொய்யும் உள்ளே வந்துவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் பக்கத்து மோட்டார் சும்மா போட்டால் தண்ணீர் இழுக்காது. முதலில் ஒரு வாளித் தண்ணீரை அதன் வாயில் ஊற்ற வேண்டும். எல்லா வீட்டிலும் குடிதண்ணீர்க் குழாயில் பிடித்த வாளிதான். ஆக, கருவி தினமும் அளந்தது அந்தக் குடிதண்ணீரை! இதை அவள் சாட்பாட்டிடம் சொல்லவில்லை. காலையில் பல் விளக்குவதை யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா? தினமும் பச்சை விளக்கு எரிந்தது, நவநீதன் நிம்மதியாகத் தூங்கினார்.

விதை விட்ட பதினைந்தாம் நாள் நாற்றின் நுனி பழுப்பானது. லேகா சாட்பாட்டிடமே கேட்டாள். துத்தநாகச் சத்துக் குறைவு என்றது. மருந்து அடித்து மூன்று நாள் காத்திருந்தாள். நான்காம் நாள் காலை எனக்குப் போன் செய்து அழுதாள். பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுப் போலகத்துக்கு ஓடினேன்.

நான் போனபோது நவநீதன் குழாயில் ஒரு கை அள்ளி வாயில் விட்டு, அப்படியே துப்பினார். பாத்தி முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வைக்கோல் நிறத்தில் நாற்று சாய்ந்து கிடந்தது. லேகா செல்போனில் மடமடவென்று தட்டிக்கொண்டிருந்தாள். நல்ல தண்ணீர் விட்டு நாலைந்து தடவை வடிக்கச் சொன்னது. சரியான யோசனைதான், ஆனால் வறண்ட வாய்க்காலில் ஆடு நடந்துகொண்டிருந்தது. திரும்ப விதைக்கவும் வழியில்லை, நாற்று தலையெடுக்கும் முன்பே ஐப்பசி மழை மூழ்கடித்துவிடும். அவள் விடவில்லை. பழைய புரோகிராமைக் காட்டி, கடலோரம் என்று சொல்லி, ஒரு தடவை அளந்தது போதுமா என்று மறுபடி கேட்டாள்.

"போதாதாம்க்கா. கடலோரத்துல இறைக்க இறைக்க உப்பு ஏறுமாம். மன்னிச்சுக்கங்கன்னு சொல்லுது" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் போனைப் பிடுங்கி எறிந்திருப்பேன். அவளிடமும் கோபம்தான். "அரை மணிக்கு ஒரு தடவை அவரு வாயில விட்டுப் பாக்குறாரே, எதுக்குன்னு யோசிக்கலையாடி?" என்று கேட்டேவிட்டேன்.

"யோசிச்சேன்க்கா. அது அவ்வளவு தெளிவா சொல்லிச்சு. இவரு செய்யறது வெறும் பழக்கம்னு தோணிப்போச்சு."

நவநீதன் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து வரப்பில் நின்றார். நைட் ஷிப்ட் முடிந்து வந்து இன்னும் தூங்காத கண்கள்.

"மாசக்கணக்கா அதுகிட்ட அத்தனை கேட்டியே லேகா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லிருப்பேனே."

"நீங்க தூங்கிட்டு இருந்தீங்க" என்றாள் அவள். "நீங்க தூங்கணும்னுதானே எல்லாமே செஞ்சேன். எழுப்ப மனசு வரலைங்க."

அவர் குனிந்து ஒரு நாற்றைப் பிடுங்கினார். வேர் மண்ணிலேயே நின்றுவிட்டது, தாள் மட்டும் கையோடு வந்தது.

"எழுப்பிருக்கலாம்" என்றார்.