அண்ணை எழுதிய சொல்

பச்சைச் சவர்க்காரத்தின் மணம். பைன் மரத்தைக் கரைத்து வாளியில் ஊற்றினது போல. ஒஸ்லோவுக்குப் பக்கத்தில், லோறென்ஸ்கூக்கில், எங்கள் வீட்டுப் படிகளை மனைவி அதைக்கொண்டு கழுவும் சனிக்கிழமைகளில், ஏதோ சாட்டுச் சொல்லி வெளியே போய்விடுகிறேன். நடக்கிறேன். மணமும் கூட நடக்கிறது.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் அது என் கைகளின் மணம். புருசெத்தில் ஒரு பள்ளிக்கூடத்தை நானும் ஓர் அண்ணையும் துடைத்தோம். கூடப்பிறந்தவர் அல்ல. வயதில் மூத்தவர், எனக்கு வெகு முன்னரே ஒஸ்லோவுக்கு வந்துவிட்டவர். நான் ஊரில் சிவில் எஞ்சினியர், பாலங்களுக்குக் கணக்குப் போட்டவன்.

ஓர் எஞ்சினியர் நிறுவனத்துக்கு என் விண்ணப்பத்தை நிரப்பித் தந்தவர் அவர்தான். இடைவேளையில், கவிழ்த்த வாளியின் மேல் தாளை வைத்து, என்ன படிப்பு என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார்.

"எங்கடை சொல்லைத்தான் இவங்களும் வைச்சிருக்கிறாங்கள் தம்பி. கொஞ்சம் மூக்காலை சொல்லோணும், அவ்வளவுதான்."

சிவிலின்ஷெனியோர் என்று எழுதினார், குண்டு குண்டாக.

இந்த நாட்டில் அந்தச் சொல் பாலம் கட்டுபவனைக் குறிக்காது. எந்தத் துறையானாலும் ஐந்து ஆண்டு படித்து வாங்கும் பெரிய பட்டம் அது. என்னுடையது நான்கு ஆண்டு. விண்ணப்பம் போய் இரண்டு கிழமைக்குப் பிறகு, மாலை நேர மொழி வகுப்பில் ஆசிரியை சொல்லித்தான் தெரிந்தது. ஒரு கடிதம் போட்டுத் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. அந்தச் சொல் எனக்குப் பிடித்துவிட்டது, ரயிலில், குளிக்கும்போது, இனிப்பைப் போல வாய்க்குள் வைத்திருந்தேன். அண்ணைக்கும் சொல்லவில்லை.

நேர்முகத்துக்கு அழைத்தார்கள். வழிகாட்டவென்று அண்ணை லீவு போட்டு வந்தார். வெளியே பனி. வாசலில் நான் சப்பாத்து மாற்ற, ஈரமான பனிச் சப்பாத்துகளைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு அவர் அறைக்கு வெளியே நடையில் உட்கார்ந்திருந்தார். அறைக் கதவு முழுதாகச் சாத்தவில்லை.

மேசையில் இரண்டு தாள்கள். ஒன்று என் விண்ணப்பம். மற்றது, வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் அலுவலகம் எனக்குக் கொடுத்த கடிதம். இரண்டும் ஒத்துப்போகவில்லையே, யார் இதை எழுதியது என்று கேட்டார் என்னை நேர்முகம் கண்ட பெண். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் தாங்கவில்லை.

பிழையாக விளங்கிக்கொண்டோம், பிறகு தெரிந்தும் விட்டுவிட்டேன். இவ்வளவைச் சொல்ல என்னிடம் மொழி இருந்தது. நான் சொன்னதோ, என்னோடு துப்புரவு செய்யும் ஒருவர் எழுதினார், அவருக்கு உங்கள் மொழி சரியாக வராது, எனக்கு இன்றைக்குத்தான் தெரியும் என்று. பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கூட்டங்களில் அந்த மொழியிலேயே எழுந்து நின்று கேள்வி கேட்கிற மனிதர் அவர். அந்தப் பெண் தலையசைத்தார், சொல்லைக் கோடிழுத்து வெட்டினார், அடுத்த கேள்விக்குப் போனார்.

வெளியே வந்தேன். அண்ணை சப்பாத்துகளை எடுத்து என் காலடியில் வைத்தார். ரயில் முழுக்கப் பனியைப் பற்றியே கதைத்தார். நான் தேவைக்கு மேல் சத்தமாக ஓம், ஓம் என்றேன்.

வேலை கிடைத்தது. அதில் சேரும்வரை இருந்த சில நாட்களுக்கும் வேறு கட்டடம் கேட்டு மாறிக்கொண்டேன், அவர் முகத்தில் முழிக்க ஏலாமல். ஆகவே அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது, அன்று புருசெத்தில் இறங்கி, தன் வீட்டுப் பக்கம் திரும்பும் முன் சொன்னதுதான்.

"வடிவாய்க் கதைச்சனீர் தம்பி. ஒரு பிழையும் விடேல்லை."