குட்டியின் தொண்டையில் சிக்கிய பாக்கு

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ராஜபாளையத்துப் பஞ்சாலை ஒன்றில் நான் மிஷின் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தேன். நூலுக்கு அவ்வளவு கிராக்கி. மில் இரவும் பகலும் ஓடியது. கல்யாணமான மாதத்திலிருந்தே எனக்கு இரவு ஷிப்டு. காலையில் காதெல்லாம் மிஷின் இரைச்சலோடு வீட்டுக்கு வருவேன், கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுப்பேன். வெயில் இறங்கும்போது எழுந்து குளித்துச் சாப்பிட்டு மறுபடியும் மில்லுக்குக் கிளம்பிவிடுவேன்.

என் மனைவி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. அவளுடைய அப்பா அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அவளும் கல்யாணத்துக்கு முன்பு அந்தப் பள்ளிக்கூட விடுதியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். விடுதியை நடத்திய வெள்ளைக்கார அம்மா தன் ஊருக்குக் கப்பலேறும்போது, வளர்த்த நாயை அவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பெட்டி படுக்கையோடு அந்த நாயும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதற்கு ஏதோ ஒரு வெள்ளைக்காரப் பெயர் இருந்தது. எங்கள் தெருவில் யார் வாயிலும் அது நுழையாததால் குட்டி என்றே கூப்பிட்டோம்.

குட்டைக் கால், சடை விழுந்த காது, பூனையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. எங்கள் ஊர் நாய்களோ என் இடுப்பு உயரம் நிற்கும். எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர் அப்படி இரண்டு வெள்ளை வேட்டை நாய்கள் வைத்திருந்தார். குட்டியை முதல் முறை பார்த்தபோது அவர் வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "ஏமய்யா, இது நாயா, இல்ல நாய்க்குப் போட வாங்கிட்டு வந்த தீனியா?" என்று கேட்டார்.

வீட்டில் நானும் அவளும் மட்டும்தான். அந்த வீட்டில் ஒரு சத்தம் கேட்காது. அவள் பாத்திரத்தை வைத்தால் வைத்தது தெரியாது. நடந்தால் நடந்தது தெரியாது. நான் எழுந்து வரும்போது சோறு இருக்கும், வெந்நீர் இருக்கும். கேட்டதற்குப் பதில் வரும், அதுவும் ஒரு சொல்லில். நாய்கூடக் குரைக்காது. மூன்று நான்கு மாதம் இப்படியே போனது. இவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நான் எனக்குள் முடிவு கட்டிவிட்டேன். அதை அவளிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. இரவெல்லாம் நூல் சுற்றும் கதிர்களுக்கும் பெல்ட்டுகளுக்கும் நடுவில் அந்த நினைப்போடுதான் நிற்பேன்.

ஒரு சனிக்கிழமை காலை நான் ஷிப்டு முடிந்து வந்தபோது மாமனார் வந்து உட்கார்ந்திருந்தார். தோளில் மடித்த அங்கவஸ்திரம், மூக்கில் கண்ணாடி. எங்கள் வீட்டுக்கு வந்துபோன உறவுக்காரப் பெண் ஒருத்தி, "பிள்ளை அங்க வாயே தொறக்க மாட்டேங்குறா" என்று அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். மகளைக் கொஞ்ச நாள் கூட்டிக்கொண்டு போய் வைத்திருக்கலாம் என்று வந்திருக்கிறார். அதை நேராகச் சொல்லவும் அவருக்குக் கூச்சம்.

"மாப்பிள்ளைக்கு ராத்திரி வேலை. அவளுக்கும் தனியா இருக்குறது ஒரு மாதிரியா இருக்கும். ஒரு மாசம் அங்க இருந்துட்டு வரட்டுமே" என்றார்.

"சரி மாமா" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவள் அடுப்படியில் இருந்தாள். காதில் விழுந்திருக்கும். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மாமனார் வெற்றிலைத் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு ஒரு கொட்டைப்பாக்கை எடுத்துப் பாக்குவெட்டியில் வைத்து அழுத்தினார். நல்ல காய்ந்த பாக்கு. வெட்டுப்படாமல் வழுக்கித் தெறித்துத் தரையில் உருண்டது. தூங்கிக்கொண்டிருந்த குட்டி சட்டென்று எழுந்து, பந்து விளையாட்டு என்று நினைத்ததோ என்னவோ, ஓடிப்போய்க் கவ்வியது.

"ஏய், விடு" என்று நான் அதட்டினேன். பிடுங்கிக்கொள்வேன் என்று பயந்து அது தலையைத் தூக்கி ஒரு விழுங்கு விழுங்கப் பார்த்தது.

அவ்வளவுதான். முன்னங்கால்களை அகட்டிக்கொண்டு நின்றது. கழுத்து நீண்டது, வாய் திறந்தது, ஆனால் சத்தம் இல்லை. இருமலும் இல்லை. முன்னங்காலால் வாயைப் பிறாண்டியது. பக்கவாட்டில் ஒருமுறை சுற்றி விழுந்து எழுந்தது. நான் போய்ப் பிடித்து வாயைப் பிளந்து விரலை விட்டேன். தொண்டைக்குள் உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. பிடிக்கப் போனால் வழுக்கிக்கொண்டு இன்னும் உள்ளே போனது. அதற்குள் மாமனார் செம்போடு ஓடிவந்தார்.

"தண்ணியை ஊத்துங்க மாப்பிள்ளை, இறங்கிரும்."

"ஊத்தாதீங்கப்பா. ஏங்க, விரலை எடுங்க. உள்ள தள்ளுறீங்க."

அது யாருடைய குரல் என்று ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. அடுப்படி வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். தெருமுனை வரைக்கும் கேட்கிற குரல். எதிர்வீட்டு வேட்டை நாய்கள் இரண்டும் குரைக்க ஆரம்பித்தன.

"பின்னங்கால் ரெண்டையும் பிடிச்சுத் தூக்குங்க. தலை கீழ தொங்கட்டும். தூக்குங்கங்குறேன்ல."

தூக்கினேன். குட்டியின் ஈறு வெளுத்து நீலம் பாய்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அவள் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு கையால் நெஞ்சைத் தாங்கிக்கொண்டு, மறு உள்ளங்கையால் தோள்பட்டை இரண்டுக்கும் நடுவில் ஓங்கித் தட்டினாள். மறுபடி தட்டினாள். ஒன்றும் வரவில்லை. என் கையில் அதன் கால்கள் உதறுவது குறைந்துகொண்டே வந்தது. மாமனார் செம்பைக் கீழே வைக்காமல் நின்ற இடத்திலேயே ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டார்.

"இங்க தாங்க" என்று அவள் நாயைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டாள். அதன் முதுகைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்து, தலையைக் கீழே சரித்து, விலா எலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே கையைக் கொடுத்து, மேல்நோக்கி வெடுக்கென்று ஒரு அழுத்து. பிறகு இன்னொன்று.

பாக்கு வெளியே வந்து தரையில் விழுந்தது. அதோடு கொஞ்சம் நுரையும் காலையில் தின்ற சோறும். குட்டி உள்ளுக்கு இழுத்த அந்த முதல் மூச்சின் சத்தம் இருக்கிறதே, மில்லில் நின்றுபோன எஞ்சின் மறுபடி பிடித்துக்கொண்டு ஓடுகிறபோது கேட்கிற சத்தத்தைக்கூட நான் அவ்வளவு ஆசையோடு கேட்டதில்லை. கொஞ்ச நேரம் படுத்தே கிடந்து வாங்கி வாங்கி மூச்சு விட்டது. பிறகு எழுந்து உடம்பை உதறிக்கொண்டு, கக்கிய சோற்றையே முகர்ந்து பார்க்கப் போனது. மாமனார் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று அவளைக் கேட்டேன்.

"விடுதியில ஒரு பிள்ளை புளியங்கொட்டையை முழுங்கிட்டா. அந்த அம்மா அவளை இப்படித்தான் கவுத்துப் போட்டுத் தட்டி, வயித்தை அமுக்கினாங்க. இதுவும் ஒரு பிள்ளை அளவுதான இருக்கு" என்றாள்.

விரல் ஓரமாக எனக்கு ரத்தம் வந்துகொண்டிருந்தது. குட்டியின் பல் பட்டது எப்போது என்றே தெரியவில்லை. அவள் மஞ்சளைக் குழைத்து வைத்துத் துணி சுற்றினாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து மாமனார் மறுபடி கிளம்புவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துக் குட்டி கழுத்தை நீட்டி, முன்னங்காலை அகட்டி, மூக்கால் கொர் கொர் என்று பன்றி உறுமுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. கண் பிதுங்கியது. கொஞ்ச நேரத்தில் தானாக நின்றது. சற்று நேரம் கழித்து மறுபடி. பாக்கில் ஒரு துண்டு உடைந்து உள்ளே நின்றுவிட்டது என்று நான் நிச்சயமாக நம்பினேன். பாக்கை எடுத்துப் பார்த்தேன். முழுசாகத்தான் இருந்தது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல மாட்டாஸ்பத்திரி இருக்கு. எப்படியும் அங்கதான போறோம். தூக்கிட்டு வாங்க" என்றார் மாமனார்.

அப்போது பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் அடுப்பு, அதன் விசிறியைச் சுழற்றி மூட்டுகிற க்ளீனர், ஏற வந்தவர் மேலெல்லாம் கரிப்பொடி. கண்டக்டர் நாயை ஏற்ற மாட்டார் என்று தெரியும். அவள் குட்டியைப் பழைய சேலை ஒன்றில் சுற்றிக் கைப்பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டாள். நான் இந்தப் பக்கம், மாமனார் அந்தப் பக்கம். பாதி வழியில் அது கொர் கொர் என்று ஆரம்பித்துவிட்டது. முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் மாமனார், வகுப்பில் ஒரு பிள்ளை தும்மினாலே எழுப்பி நிறுத்துகிற மனுஷர், அங்கவஸ்திரத்தை வாயில் பொத்திக்கொண்டு அதே மாதிரி இரும ஆரம்பித்தார்.

"பெரியவருக்கு நெஞ்சுல சளி போல" என்றார் ஒருவர்.

"ரொம்ப நாளா இருக்கு" என்றாள் என் மனைவி. சொன்ன மறுகணமே சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். பார்த்ததும் எனக்கும் அடக்க முடியவில்லை. கிழவருக்கு இப்படி இருமல் வந்திருக்கிறது, மகளும் மருமகனும் சிரிக்கிறார்களே என்று அந்த பஸ்ஸில் இருந்தவர்கள் எங்களைப் பற்றி என்ன நினைத்தார்களோ தெரியாது.

மாட்டாஸ்பத்திரியில் ஒரு காளையைப் படுக்கப் போட்டு, நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, டாக்டர் அதன் கொம்படிக்கு மருந்து வைத்துக்கொண்டிருந்தார். அது முடிகிறவரை வேப்பமரத்தடியில் காத்திருந்தோம். மாமனார் தண்ணீர் குடிக்கப் போனார்.

"உனக்கு இவ்வளவு குரல் இருக்கும்னு எனக்குத் தெரியாது" என்றேன்.

அவள் குட்டியின் காதைத் தடவிக்கொண்டே, "வந்த மொத நாளே நீங்க சொன்னீங்க, பகல்ல தூக்கம் கெட்டா மிஷின்ல கையைக் குடுத்துருவேன்னு" என்றாள்.

நான் சொன்னது உண்மைதான். ஏதோ பேச்சு வேண்டுமே என்று சொன்னது. எனக்கு மறந்தே போயிருந்தது.

"அதான் சத்தம் காட்டாம இருந்தேன். இதையும் குரைக்க விடாம மடியிலேயே வச்சிருந்தேன். எந்திரிச்சதும் பேசலாம்னா நீங்க கிளம்பிருவீங்க. முகமும் கடுகடுன்னு இருக்கும். நான் வந்தது உங்களுக்குப் பிடிக்கலையோன்னு நெனச்சேன்."

நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதைச் சொன்னேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு அவள், "ரெண்டு பேரும் நல்லா இருந்தோம் போங்க" என்றாள்.

மாமனார் திரும்பி வந்ததும் டாக்டரும் கைகழுவிவிட்டு வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், நிதானமான பேச்சு. நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டார். டார்ச்சு அடித்துத் தொண்டையைப் பார்த்தார். அந்தச் சமயம் குட்டி நல்ல பிள்ளையாக அவருக்கும் ஒருமுறை உறுமிக் காட்டியது. அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. மூக்குத் துவாரத்தை விரலால் ஒரு நொடி மூடிவிட்டுக் கழுத்தடியைத் தடவிக்கொடுத்தார். அது எச்சிலை விழுங்கியது, சத்தம் நின்றது.

"இது மூச்சடைப்பு இல்லை. தும்மல் வெளியே வரும் அல்லவா, இது உள்பக்கமாக வருகிறது. சின்ன நாய்களுக்கு இப்படி வரும். பாக்கு உரசினதில் தொண்டை கொஞ்சம் புண்ணாகியிருக்கிறது, அதுதான் கிளப்பிவிடுகிறது. நாக்கைப் பாருங்கள், எப்படிச் சிவந்திருக்கிறது. காலையில் அடைத்தபோது நீலமாக இருந்தது என்றீர்களே, அதுதான் பயப்பட வேண்டியது" என்றார். நாலு நாளைக்குக் குழைத்த சோறும் பாலும் கொடுக்கச் சொன்னார். கழுத்தில் பட்டை கட்ட வேண்டாம் என்றார். தின்னாமல் படுத்தாலோ, வாயைத் திறந்தபடியே மூச்சு வாங்கினாலோ உடனே தூக்கிவரச் சொன்னார்.

"பாக்கை எடுத்தது யார்?" என்று கேட்டார்.

நானும் மாமனாரும் ஒரே சமயத்தில் அவளைக் காட்டினோம். தண்ணீர் ஊற்றியிருந்தால் கதை வேறாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதும், மாமனார் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார்.

மாமனார் வீட்டில் சாப்பிட்டோம். குட்டி பால்சோற்றைத் தின்றுவிட்டு முற்றத்து வெயிலில் மல்லாந்து படுத்துத் தூங்கியது. நாங்கள் மூன்று பேரும் மாறி மாறிப் போய் அதன் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு வந்தோம். கை கழுவும்போது மாமனார் மகளிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏட்டி, இங்க இருக்கியா, என்ன செய்ய?"

"அவிய ராத்திரி ஷிப்டுக்குப் போகணும்லப்பா. நான் போய்த்தான் சோறு கட்டணும். பொறவு ஒரு நாள் வாரேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் சேலையை எடுத்துக் குட்டியைச் சுற்ற ஆரம்பித்தேன்.

திரும்பி வரும்போது பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. க்ளீனர் அடுப்பைக் கிளறி மறுபடி மூட்டுகிறவரை எல்லோரும் இறங்கிப் புளியமர நிழலில் நின்றோம். விடுதிப் பிள்ளைகளைப் பற்றியும் கப்பலேறிப் போன அந்த அம்மாவைப் பற்றியும் அவள் பேசிக்கொண்டே இருந்தாள். மேற்கே மலையின் மேல் மேகம் இறங்கியிருந்தது. பஸ் இப்போதைக்குக் கிளம்ப வேண்டாம் என்றிருந்தது எனக்கு.